கடித்தலும் கரைத்தலும்

காங்கேசன்துறையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு தேத்தண்ணி வரும். சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்த அப்பாவுக்கு ஒரு பெரிய கிளாஸ். மூன்று கரண்டி சீனி போட்டு, அடியில் தங்காமல் கலக்கியிருக்க வேண்டும். ஆச்சிக்கு மூக்குப்பேணியில் வெறுந்தேத்தண்ணி. பக்கத்தில் குட்டானிலிருந்து உடைத்தெடுத்த பனங்கட்டித் துண்டு ஒன்று, பாதிப் பாக்களவு. ஆச்சி அந்தத் துண்டின் ஓரத்தைப் பல்லால் நறுக்கி நாக்கில் வைத்துக்கொண்டு, பேணியை அண்ணாந்து ஊற்றுவார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சு. பிறகு இன்னொரு நறுக்கு. துண்டும் தேத்தண்ணியும் ஒன்றாகத் தீரும். அப்பா நாலு மிடறில் முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்பார்.

இந்த இரண்டு குடிப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஐம்பது வயது தாண்டித்தான் வந்தது. கிளினிக்கில் நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது என்றார்கள். நான் தாண்டி நெடுநாள். நிறையைக் குறைக்க வேண்டும், இனிப்பை விட வேண்டும். இனிப்பில்லாத பின்னேரத்தை நான் அறியேன். மூன்று நாள் வெறுந்தேத்தண்ணி குடித்தேன். நாலாம் நாள் பேக்கரியில் கேக் வாங்கித் தின்றேன். அடுத்த வளவு மாமிதான் வழி சொன்னா: "சீனியை விட்டிட்டுப் பனங்கட்டி கடியுங்கோ பிள்ளை. பனையெல்லோ, அது ஒண்டும் செய்யாது."

மாமி சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் பிரித்தெடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பனையின் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டினால் புளிக்காத கருப்பநீர் இறங்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதுவே கள்ளு. கருப்பநீரை நீர் வற்றக் காய்ச்சி, பதம் பார்த்து, பனையோலையில் இழைத்த குட்டானுக்குள் ஊற்றினால் பனங்கட்டி. சீனி கரும்பிலிருந்து வருவது. சாற்றைத் தெளிய வைத்து, வற்றவைத்து, படிகமாக்கி, பாகைப் பிரித்தெடுத்து வெளுப்பாக்கியது. மரமும் வழியும் வேறு. ஆனால் இரண்டின் பெரும்பங்கும் சுக்குரோசு என்ற ஒரே வெல்லம்தான். சீனி கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி தருகிறது. பனங்கட்டியில் கொஞ்சம் ஈரமும் தாது உப்புகளும் இருப்பதால் சற்றுக் குறையலாம். ஒரு கரண்டி அளவில் அந்த வித்தியாசம் ஒரு கலோரி, மிஞ்சினால் இரண்டு.

இரும்பும் பொட்டாசியமும் கல்சியமும் பனங்கட்டியில் இருக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கின்றன, சீனியில் அவை இல்லை. ஆனால் நாலைந்து கிராம் துண்டில் வரும் இரும்பு, ஒரு பிடி முருங்கை இலை வறையில் வருவதற்குக் கிட்டவும் நில்லாது. அந்த இரும்பை எண்ணிப் பனங்கட்டி தின்பவர் முதலில் வெல்லத்தைத்தான் தின்று முடிப்பார்.

இங்கே எங்கள் பேச்சு வழக்கே எங்களை ஏமாற்றுகிறது. நீரிழிவை யாழ்ப்பாணத்தில் சலரோகம் என்பார்கள். அதைவிட அதிகமாகச் 'சீனி வருத்தம்' என்பார்கள். வருத்தத்துக்குச் சீனியின் பேரை வைத்துவிட்டதால், குற்றம் முழுவதும் சீனியின் தலையில் ஏறி, பனங்கட்டியும் கல்லாக்காரமும் தேனும் தப்பிவிட்டன. "நான் சீனி தொடுறதே இல்லை" என்று சொல்லிக்கொண்டே பாணிப்பனாட்டைச் சுவைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலரின் கால் புண் மாறாமலே இருந்ததையும் கண்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், உணவிலும் பானத்திலும் நாம் சேர்க்கும் எல்லா வெல்லமும், தேனிலும் பாகிலும் பழச்சாற்றிலும் உள்ள வெல்லமும் ஒரே கணக்கில்தான் வருகின்றன. அந்தக் கணக்குக்கு மரத்தின் பேர் தெரியாது. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே அது இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், தேக்கரண்டியால் ஆறு.

பனைமேல் எங்களுக்குள்ள அன்பும் இதில் கலக்கிறது. அது வீணான அன்பு அல்ல. பனம்பழக் களியில் பிளபெலிபெரின் என்றொரு கைப்புப் பொருள் இருக்கிறது. அது எலிகளின் குடலில் குளுக்கோசு உறிஞ்சப்படுவதைக் குறைத்ததாக ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது பழத்தின் கைப்பு. பனங்கட்டி பாளையின் நீரிலிருந்து வருவது. ஒரே மரத்தில் இருப்பதால் பழத்தின் குணத்தைப் பாளைக்கு எழுதிவைக்க முடியாது.

ஆக, பொருளை மட்டும் தராசில் வைத்தால் சீனியும் பனங்கட்டியும் ஏறக்குறைய சமம். மாமியின் பேச்சில் பிழையான பாதி இது.

சரியான பாதி அவ சொன்ன வினைச்சொல்லில் இருக்கிறது. பனங்கட்டி 'போடுங்கோ' என்று அவ சொல்லவில்லை. 'கடியுங்கோ' என்றுதான் சொன்னா.

அப்பாவின் கிளாஸையும் ஆச்சியின் மூக்குப்பேணியையும் மறுபடி எடுத்துக்கொள்கிறேன். மட்டமாக அள்ளிய தேக்கரண்டிச் சீனி 4 கிராம். அப்பாவின் மூன்று கரண்டியை விடுவோம், நான் போட்டுவந்த இரண்டையே எடுப்போம். ஒரு கோப்பைக்கு 8 கிராம்; நாளுக்கு நாலு கோப்பை; 32 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 25 கிராம் தேத்தண்ணியிலேயே கடந்துபோயிற்று. பிஸ்கற், கேக், பணிஸ் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. கலோரி 128. கடற்கரையோரம் நான் காலையில் அரை மணி நேரம் வேகமாக நடப்பது கிட்டத்தட்ட இவ்வளவைத்தான் எரிக்கும். அதாவது என் நடை முழுவதும் நான் குடித்த சீனிக்கே போயிற்று. ஆச்சியின் பாதிப் பாக்களவுத் துண்டு நாலு அல்லது ஐந்து கிராம். நாலு தரம் என்றாலும் 18 கிராம், 70 கலோரி சொச்சம்.

"அப்படியென்றால் அப்பாவும் ஒரு கரண்டி போட்டிருக்கலாமே, பனங்கட்டி எதற்கு?" என்பது நியாயமான கேள்வி. போட்டிருக்கலாம். ஆனால் ஒரு கரண்டி போட்ட தேத்தண்ணி அவருக்கு இனிக்காது. ஆச்சிக்கு நாலு கிராம் இனித்தது. இந்த ஒப்பீட்டின் மையம் இதுதான்.

150 மில்லிலீற்றர் தேத்தண்ணியில் 8 கிராம் சீனி கரைந்தால் அது 5 சதவீதக் கரைசல். ஒவ்வொரு மிடறும் ஒரே அளவு மெல்லிய இனிப்பு. ஒரே சுவை விடாமல் பட்டுக்கொண்டிருந்தால் நாக்கு அதற்குப் பழகிவிடும். மூன்றாம் மிடற்றில் தெரிந்த இனிப்பு எட்டாம் மிடற்றில் தெரியாது. கடிக்கும்போது நடப்பது வேறு. கட்டியான இனிப்பு முழுச் செறிவோடு நாக்கில் படுகிறது. அதன்மேல் துவர்ப்பும் சூடுமான வெறுஞ்சாயம் விழுந்து கழுவிப்போகிறது. அடுத்த நறுக்கு வரும்போது நாக்கு புதிதாக இருக்கிறது. துவர்ப்புக்குப் பக்கத்தில் வைத்த இனிப்பு தன்னளவைவிடப் பெரிதாகத் தெரியும். எங்கள் முன்னோர் நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்து அறிந்த விஷயத்துக்கு இது ஒன்றுவிட்ட உறவு.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரிவது. கையில் இருக்கும் துண்டு தேய்கிறது. எவ்வளவு தின்றேன், எவ்வளவு மிச்சம் என்று கை சொல்கிறது. கரைந்த சீனி கண்ணுக்கு இல்லை. அடுத்த கோப்பை வந்தால் அடுத்த எட்டுக் கிராமும் சத்தமில்லாமல் வந்துவிடும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கரண்டி அவர்கள் கையில். அன்பு கூடக்கூடச் சீனியும் கூடும்.

கரைந்த இனிப்பை வயிறும் கணக்கில் எடுப்பதில்லை என்று காட்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து 2000ஆம் ஆண்டு வந்தது. 15 பேருக்கு நாள்தோறும் 450 கலோரி இனிப்பு கொடுத்தார்கள்; நாலு வாரம் கட்டியான மிட்டாயாக, இன்னொரு நாலு வாரம் சோடாவாக. மிட்டாய் தின்ற காலத்தில் அவர்கள் தம்மை அறியாமலே மற்றச் சாப்பாட்டைக் குறைத்து அந்தக் கலோரியைச் சரிக்கட்டினார்கள். சோடா குடித்த காலத்தில் சாப்பாடு குறையவில்லை, நிறை ஏறியது. 15 பேர் சிறிய கூட்டம்தான். 450 கலோரி மிட்டாயையும் ஆச்சியின் துண்டையும் ஒன்றாக்கவும் கூடாது. ஆனாலும் அதைப் படித்தபோது எங்கள் திண்ணையில் "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டவர் யார், கேட்காதவர் யார் என்பது நினைவுக்கு வந்தது.

பொருளா, முறையா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை வேண்டும் அல்லவா? அதைக் காலம் எங்கள் வீட்டிலேயே நடத்திவிட்டது. 1990 ஜூனில், போரால், எங்கள் ஊர் அடங்கிய வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறினோம். சுன்னாகப் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்த காலம் பொருளாதாரத் தடைக் காலம். சீனி தேடி அலைய வேண்டிய பொருளாகிவிட்டது. கிடைத்த கொஞ்சத்தை அம்மா மூடிப் பேணிக்குள் வைத்து, ஆளுக்கு அரைக் கரண்டி உள்ளங்கையில் போடுவா. அப்பா அதை நாக்கு நுனியால் ஒற்றி ஒற்றித் தேத்தண்ணி குடிக்கப் பழகினார். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பேர் 'நக்கிக் குடிக்கிறது'. அதுவும் சீனிதான், அதே வெளுத்த சீனி. மூன்று கரண்டிக்காரர் அரைக் கரண்டியில் ஒரு முழுக் கிளாஸ் குடித்தார். வறுமை பழக்கிய பழக்கம் அது; அதைப் புகழ எனக்கு மனமில்லை. தடை தளர்ந்து சீனி வந்ததும் அவர் மூன்று கரண்டிக்கே திரும்பினார். ஆனால் அரைக் கரண்டி போதும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. போதுமானதாக்கியது பனை அல்ல, கரைக்காமல் விட்டது.

எதிர்ப்பக்கச் சோதனைக்குப் பாக்கு நீரிணையின் மறுகரைக்குப் போக வேண்டும். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. அதன்பிறகு அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் வருவதும் நாங்கள் போவதும் முன்னைவிட எளிது. அங்கே பனங்கட்டிக்குக் கருப்பட்டி என்று பேர். உடன்குடிக் கருப்பட்டி பேர் பெற்றது. ஆனால் அங்கே அதைக் கடிக்கிறவர்களைவிடக் கரைக்கிறவர்கள்தான் அதிகம்: சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பியாக. வாசம் வீட்டை நிறைக்கும், அருமையான பானம். நிறை குறைக்கும் கண்ணால் பார்த்தால் அது அப்பாவின் கிளாஸ்தான், நிறம் மட்டும் கறுப்பு. இப்போது இங்கேயும் பனங்கட்டியைப் பொடியாக்கிப் பைகளில் விற்கிறார்கள். கரண்டியால் அள்ளிப் போட வசதி. அந்தப் பையை வாங்கி வந்து "நான் சீனியை விட்டிட்டன்" என்று நிம்மதியடைபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலை வருகிறது. பனங்கட்டியில் நிறைக்கு உதவிய ஒன்று அதன் கடினம். அதைப் பொடியாக்கிய பிறகு மிஞ்சுவது விலை கூடிய வெல்லம்.

கடித்துக் குடிப்பது எங்களுக்கு மட்டும் உரியதல்ல. தெற்கில் சிங்கள மக்கள் கித்துள் கருப்பட்டியை இப்படியே வெறுந்தேத்தண்ணியோடு கடிப்பார்கள். ஈரானில் சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கிறார்கள். ருசிய மொழியில் கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதற்கு ஒரு சொல்லும், போட்டுக் கரைத்துக் குடிப்பதற்கு வேறொரு சொல்லும் உண்டு. இனிப்பு விலை கூடிய பொருளாக இருந்த காலத்தில் அதை நீட்டி அனுபவிக்க மனிதர் பல இடங்களில் ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். இன்று சீனி மலிவு, உடல்தான் விலை கொடுக்கிறது. பழைய சிக்கனம் வேறொரு காரணத்துக்காகத் திரும்பவும் வேண்டியிருக்கிறது.

கரைத்தலின் எல்லை சோடாப் போத்தல். இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து மென்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் வந்தன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை என்று அப்போது வகுத்தார்கள். நல்ல ஏற்பாடு. அதே கண்ணாடியை வீட்டுக் கோப்பைக்குப் போட்டால், என்னுடைய இரண்டு கரண்டித் தேத்தண்ணி செம்மஞ்சள். அப்பாவின் மூன்று கரண்டியும் செம்மஞ்சள்தான். ஆனால் அவர் கிளாஸ் பெரிது.

கடித்தலின் குறைகளையும் மறைக்கக்கூடாது. பல்லுக்கு அது கூடாது. கட்டியான வெல்லம் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். குடித்து முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் கடிக்கப் பல் இருக்கவில்லை, சூப்பிக்கொண்டுதான் இருந்தார். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கடித்தாலும் கரைத்தாலும் அது வெல்லம்தான். எத்தனை கிராம் என்பதை அவர்கள் தங்கள் வைத்தியரோடுதான் பேச வேண்டும். இன்னொரு குறை, துண்டு உடைக்கும் கை. குட்டானைக் கையில் வைத்துக்கொண்டு கதைக்க உட்கார்ந்தால் குட்டானே காலியாகும். அது எனக்கு ஒருநாள் நடந்தது. இப்போது ஞாயிறு காலையில் ஒரு வாரத்துக்கான துண்டுகளை உடைத்துப் போத்தலில் போட்டுவிட்டுக் குட்டானை மேல்தட்டில் வைத்துவிடுவேன்.

செயற்கை இனிப்பு மாத்திரைகளைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். நிறைக் கட்டுப்பாட்டுக்காக அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. நீண்ட காலப் பயன் தெரியவில்லை என்பது அதன் காரணம். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

துண்டு போதாது என்று தோன்றும் நாளில் நான் போகும் பக்கம் வேறு. நுங்குக் காலத்தில் நுங்கு. பெரும்பங்கு தண்ணீர், 100 கிராமில் நாற்பது சொச்சம் கலோரிதான். மற்றக் காலத்தில் புழுக்கொடியல். ஒரு துண்டு புழுக்கொடியல், இரண்டு சில் தேங்காய்ச் சொட்டு, ஒரு நறுக்குப் பனங்கட்டி. அதை மென்று முடிக்க நேரம் எடுக்கும், தாடை களைத்துவிடும். அதன்பிறகு கேக் நினைவுக்கு வருவதில்லை. பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், எள்ளுருண்டை இவையெல்லாம் கடிக்கிற பொருள்தானே என்று யாரும் என்னோடு வாதிட வேண்டாம். எண்ணெயும் எள்ளும் தேங்காயும் சேர்ந்த பண்டத்தின் கணக்கு வேறு. அது விசேச நாளுக்கு உரியது, அன்றைக்கு ஒன்று.

நாக்கைப் பற்றி ஒரு விஷயம். அமெரிக்காவின் மொனெல் ஆய்வு நிலையத்தில் சிலரை மூன்று மாதம் வெல்லம் குறைந்த உணவில் வைத்துப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பு உண்ட அதே புடிங் இப்போது கூடுதலாக இனித்தது. ஆனால் இனிப்பின்மேலுள்ள விருப்பம் மாறவில்லை. ஆசை போய்விடும் என்று நம்பியிருந்த எனக்கு முதலில் அது ஏமாற்றமாக இருந்தது. பிறகு சரி என்று தோன்றியது. ஆசை இருக்கட்டும், அதற்குக் கொடுக்கும் அளவு சிறுத்தால் போதும்.

நிறை குறைந்ததா என்று கேட்பீர்கள். குறைந்தது. அதில் பனங்கட்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரவில் பிட்டைப் பாதியாக்கினேன். விடியற்காலையில் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகப் பக்கம் நடக்கிறேன். ஒரு நாளுக்கு 60 கலோரி குறைந்தால் ஓர் ஆண்டுக்கு ஏட்டுக் கணக்கில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். நிறை இறங்க இறங்க உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும் என்பதால் நிசத்தில் அதைவிடக் குறைவு. ஆனால் நாலு மணி வந்தால் எனக்கு இப்போது பயமில்லை. அந்த மாற்றம் தராசில் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஆடிப்பிறப்பு வந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டைப் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடியோடிப் பாடினார்கள். வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கூழ் காய்ச்சினேன். ஆடிக்கூழில் பனங்கட்டியைக் கடிக்க முடியாது, கரைத்தே ஆகவேண்டும். மேல்தட்டிலிருந்து முழுக் குட்டானை இறக்கி, ஓலையைப் பிரித்து, பானைக்குள் போட்டேன். பிள்ளைகளுக்குப் பெரிய கோப்பை. எனக்கு ஆச்சியின் மூக்குப்பேணியில் அரைவாசி. மாமிக்கும் மதிலுக்கு மேலால் ஒரு செம்பு நீட்டினேன். வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, "இனிப்புக் கொஞ்சம் தூக்கல் பிள்ளை" என்றா.